மரமஞ்சள் நாற்று: விதையா, குச்சியா, திசு வளர்ப்பா?

மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையின் ஈரக் காடுகளிலும் மரங்களைப் பற்றி ஏறும் பெருங்கொடி மரமஞ்சள். தண்டை வெட்டினால் உள்ளே பளிச்சென்ற மஞ்சள்; பெர்பெரின் என்ற மருந்துப் பொருள் தரும் நிறம் அது. மருந்துச் சரக்கு அந்தத் தண்டுதான் என்பதால் கொடியை அடியோடு வெட்டிவிடுகிறார்கள். காட்டிலிருந்து எடுத்த மரமஞ்சளை இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது. ஆனால் தடை மட்டும் புதுக் கொடியைத் தந்துவிடாது. ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு; விதையில் வந்த கொடி பூக்கவே பதினைந்து ஆண்டுகள்கூட ஆகலாம். ஒரு சோலையில் கடைசி ஆண் கொடி போய்விட்டால், பெண் கொடிகள் எத்தனை நின்றாலும் காய் பிடிக்காது. நாற்று எடுக்கும் முறையை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

காட்டில் நடுவதற்கு முதல் தேர்வு விதைதான். ஆணும் பெண்ணும் கலந்து வரும், ஒவ்வொரு நாற்றும் தனி மரபு. வனத்துறை அனுமதியோடு, ஒரு கொடியின் காய்ப்பில் கால் பங்குக்கு மேல் பறிக்காமல், முற்றிய பழங்களை எடுங்கள். சதையை மணலோடு தேய்த்துக் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் சதையில்தான் பூஞ்சணம் தொடங்கும். வெயிலில் காயவைக்காமல் ஓரிரு நாளுக்குள் ஆற்றுமணல் தட்டில் 2 செ.மீ. ஆழத்தில் ஊன்றி, நிழல்வலைக்கு அடியில் வையுங்கள். எலி வராமல் மேலே கம்பிவலை வேண்டும். முளைப்பு மாதக்கணக்கில் இழுக்கும், ஒரே சீராகவும் வராது. மூன்றாம் மாதத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று தட்டைக் கொட்டிவிடுவதுதான் இதில் பெரிய இழப்பு. கொட்டுமுன் ஒரு விதையைப் பிளந்து பாருங்கள். உள்ளே வெளுப்பாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது; பழுப்பேறிக் கொழகொழத்து நாறினால் போயிற்று.

குச்சியின் பலம் வேறு. தாய்க் கொடி ஆணா பெண்ணா என்று தெரிந்தால் நாற்றும் அதுவே. ஆண் கொடி இல்லாத இடத்துக்கு ஆணைக் கொண்டுபோய்ச் சேர்க்க இதுதான் வழி. பென்சில் கனத்தில், பாதி முற்றிய தண்டில், மூன்று கணுவுடன் 15 முதல் 20 செ.மீ. நீளம் வெட்டுங்கள். 200 மில்லிகிராம் ஐ.பி.ஏ. வேர் ஊக்கியை 50 மில்லி ஆல்கஹாலில் கரைத்து, தண்ணீர் விட்டு 100 மில்லியாக்குங்கள். அடிமுனையை அதில் ஐந்து விநாடி நனைத்து மணலில் ஊன்றி, ஈரப்பதம் குறையாத மூடிய கூடாரத்தில் வையுங்கள். இங்கே ஏமாற்றுவது தளிர். குச்சியில் சேர்ந்திருக்கும் சத்தை வைத்தே இலை விட்டுவிடும், அடியில் வேர் இருக்காது; கூடாரத்தைத் திறந்ததும் வாடிவிடும். தளிரைக் கண்டு மகிழாமல், குச்சியை லேசாக இழுத்துப் பாருங்கள். பிடித்து நின்றால்தான் வேர். பெரும்பாலான குச்சிகள் பிடிக்காது என்று தெரிந்தே கூடுதலாகப் போட வேண்டும். தாய்க் கொடியை வெட்ட மனம் வராவிட்டால் தரையோரக் கிளையில் மண்பதியன் போடலாம்; அதாவது கிளையை வெட்டாமலே வளைத்து மண்ணில் புதைத்து வேர்விடச் செய்வது. எண்ணிக்கை சொற்பம்தான், ஆனால் வேர்விடும் வரை தாய் ஊட்டும்.

செடியின் சிறு துண்டைக் குப்பியில் ஊட்டக் கலவையில் வளர்க்கும் திசு வளர்ப்பு ஆய்வகத்தோடு நிற்கட்டும். காட்டுத் தண்டின் உள்ளேயே கிருமி இருப்பதும், வெட்டுவாய் கறுத்துப்போவதும் தொடக்கத்திலேயே மறிக்கும். தாண்டிவந்தாலும் எல்லாம் ஒரே தாயின் நகல்கள். மருந்துத் தோட்டத்துக்கு அது போதலாம், சோலைக்குப் போதாது.

நாற்று எதுவானாலும் காட்டுமண், மணல், மக்கிய தொழுவுரம் சம அளவில் கலந்த உயரமான பையில் வளர்த்து, பருவமழை பிடித்ததும், கொடி ஏறப்போகும் உயிர்மரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நடுங்கள். விதை நாற்றோடு குச்சி நாற்றையும் கலந்து நட்டால், குச்சி நாற்றுக்குத் தகரத் துண்டில் ஆண், பெண் என்று பொறித்துப் பக்கத்தில் ஊன்றிவிடுங்கள். பூக்கும்வரை வேறு அடையாளம் கிடையாது.