பழைய உயர்தர பைனாகுலரா, புதிய நடுத்தர விலையா? கடனீரேரிக் கரையில் நீண்டகாலம் பாவித்ததில் தெரிந்தவை

பழைய பைனாகுலர் ஒன்று கைக்கு வந்தால் அதன் பெயரைப் பார்க்குமுன் எந்த ஆண்டுக்குரியது என்று பாருங்கள். நேர்க்குழல் வகைகளின் கூரை அரியத்தில் (படத்தை நிமிர்த்தும், கூரைபோல இரு சாய்முகமுள்ள கண்ணாடிக் கட்டை) ஒளி இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்கிறது. அந்த இடத்தில் அலைகளின் கட்டம் பிசகி நுணுக்கம் மங்கும். இதைத் திருத்தும் கட்டப் பூச்சை ஜேர்மனியின் சைஸ் நிறுவனம் 1988இல் கொண்டுவந்தது.

அதற்கு முந்திய சைஸ் 10×40 டயலிற்றையும் (பத்து மடங்கு பெருக்கம், 40 மிமீ முன்வில்லை) புதிய நடுத்தர விலை நிக்கொன் மொனார்க் எம்7 8×42ஐயும் யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தடியில் மாறி மாறிப் பிடித்தால், உப்புக்கொத்தி என்ற கரைப்பறவையின் கழுத்துப் பட்டி புதியதில்தான் கூராகத் தெரியும். வெளிச்சத்தில் பழையது அவ்வளவு பின்தங்காது. அதன் அபே-கோனிக் வகைக் கூரை அரியம் முழுவுட்டெறிப்பிலேயே (ஒளி முழுதும் கண்ணாடிக்குள்ளேயே தெறிப்பது) இயங்குவதால் ஆடிப் பூச்சு தேவைப்படுவதில்லை. ஆனால் விடிகாலையில் 40ஐ 10ஆல் வகுத்த, கண்ணுக்கு வரும் 4 மிமீ ஒளிவட்டத்தை விட 8×42இன் 5.25 மிமீ கண்ணுக்கு இலகு. மத்தியானக் கானலில் பத்து மடங்கும் உதவாது, எட்டு மடங்கும் உதவாது.

1990இல் வந்த லைக்கா டிரினோவிட் 8×42இன் கதை வேறு. கட்டப் பூச்சு உண்டு, நீர் புகாது, ஃபோகஸ் சில்லு இன்றும் பட்டுப்போலச் சுழலும். காலை வெயில் எதிரே நின்று தண்ணீரில் தெறிக்கும்போது, உட்குழல் ஒழுங்காகக் கருமையாக்கப்படாத நடுத்தர விலைக் கருவிகளில் படத்தின் கீழ்ப்பகுதி வெளிறிப்போகும். இதில் டிரினோவிட்டின் கைதான் மேல். அதற்கு விலை பாரம்: டிரினோவிட் 900 கிராமுக்குக் கிட்ட, எம்7 670 கிராம். எம்7இன் பார்வைப் பரப்பும் பெரிது, 1000 மீற்றரில் 145 மீற்றர். தொண்டைமானாற்றில் வாத்துக் கூட்டத்தை எண்ணுபவருக்கு அந்த அகலம் பெரிய உதவி.

பழையதை வாங்குமுன் மூன்று சோதனை செய்யுங்கள். முதலாவது பூஞ்சை: பொருளி வில்லைப் (முன்வில்லை) பக்கம் டோர்ச் அடித்து, மறுபக்கத்திலிருந்து சரிவாகப் பாருங்கள். சிலந்தி வலைபோல இழை தெரிந்தால் விடுங்கள். அது பூச்சை அரித்துவிடும், துடைத்தாலும் தடம் போகாது. இரண்டாவது ஒழுங்கு: கண்ணிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, தூரத்து மின்கம்பியைப் பாருங்கள். இரு குழலிலும் கம்பி ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும். மேல்கீழாக இருந்தால் பத்து நிமிடத்தில் தலையிடிக்கும். மூன்றாவது கட்டப் பூச்சு: வெள்ளையாக ஒளிரும் எல்சிடி திரையை நோக்கிப் பிடித்து, பார்வைத்துண்டுக்குப் பின்னால் முனைவாக்கக் (polarized) குளிர்க்கண்ணாடியை வைத்துச் சுழற்றுங்கள். ஒளிவட்டம் நடுவே பிளந்து இரு பாதியும் வேறு வேறு வெளிச்சமாகத் தெரிந்தால் பூச்சு இல்லை.

எங்கள் ஊரில் உண்மையான எதிரி உப்புக் காற்றுத்தான். இறப்பர் வளையங்கள் முப்பது வருடத்தில் இறுகிவிடும், பனி படியாமலிருக்க உள்ளே அடைத்த நைதரசன் எப்போதோ போயிருக்கும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொண்டுவந்ததும் உள்வில்லையில் பனி படிந்தால் காப்பு போய்விட்டது என்று அர்த்தம். புதியவற்றில் கண்குவளையின் கிளிக் தளர்வதும், வெயிலில் வெளி இறப்பர் கழன்று வருவதும்தான் வழமையான வியாதி. படத்தை அவை கெடுப்பதில்லை.

கூடவே வந்த தோல் உறையில் மட்டும் வைக்காதீர்கள். ஈரத்தைப் பிடித்துப் பூஞ்சையை வளர்ப்பது அதுதான். காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்துங்கள். கரையிலிருந்து வந்த அன்றே, முதலில் ஊதித் தூசி தட்டி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடலைத் துடையுங்கள். உப்பு மணியோடு வில்லையைத் தேய்த்தால் கீறல் நிச்சயம்.

முதல் கருவி வாங்குபவர் புதிய 8×42ஐ எடுக்கட்டும். மூன்று சோதனையிலும் தேறிய 1990க்குப் பிந்திய உயர்தரப் பழையது நியாயமான விலையில் கிடைத்தால், கழுத்து அந்தப் பாரத்தைத் தாங்குமென்றால், விடாதீர்கள். 1988க்கு முந்திய கூரை அரிய வகைக்குப் பெயருக்காகப் பெருங்காசு கொடுக்கவேண்டாம்.