கோத்தகிரி வீட்டுக்கு ஃபைபரா, சிம் ரவுட்டரா?

நெட் திடீர் திடீரென்று படுத்துவிடுகிறதா? முதலில் ரவுட்டரிலிருந்து கணினிக்கு லேன் கேபிள் செருகிச் சோதியுங்கள். அதில் ஒழுங்காக ஓடினால் கோளாறு வைஃபையில்தான்.

வீடுவரை கேபிள் வருமென்றால் ஃபைபரே மேல். ஃபைபர் கேபிள் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியின் செட்டிங்கில் ஒளி அளவைப் பாருங்கள். மைனஸ் 20 டிபிஎம் (ஒளி வலிமையின் அலகு) நல்லது. மைனஸ் 27-க்கும் கீழே போனால் விட்டுவிட்டுத்தான் வரும். காற்றில் சில்வர் ஓக் கிளை உரசும் கேபிள், சுவர் மூலையில் நறுக்கென மடங்கிய வயர், பச்சை கனெக்டர் முனை வேண்டிய இடத்தில் பொருந்தாத நீல முனை: வழக்கமான காரணங்கள் இவை.

சிம் ரவுட்டர் என்றால் மூடுபனியைத் திட்ட வேண்டாம், 4ஜி அலையை அது பெரிதாகத் தடுக்காது. தடுப்பவை மேடும் நனைந்த மரங்களும். டவர் சிக்னலின் வலிமையைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 110 டிபிஎம்முக்குக் கீழே போனால் ரவுட்டரை டவர் பக்கத்து ஜன்னலுக்கு மாற்றுங்கள். சிக்னல் நன்றாக இருந்தும் ஏப்ரல், மே மாலைகளில் மட்டும் இழுத்தால் அது சீசன் கூட்டம். ரவுட்டரை வேறு பேண்டுக்கு (அலைவரிசைக்கு) மாற்றிப் பார்க்கலாம். அவசரப்பட்டு ஆண்டெனா வாங்காதீர்கள்.