பாங்க் பி.ஓ. இன்டர்வியூ பேக்கேஜ்: 3,500 ரூபாய்க்கு என்ன கிடைத்தது?

மெயின்ஸ் ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே போனில் மெசேஜ் வர ஆரம்பித்துவிடும். வாழ்த்துகள், இன்டர்வியூ பேட்ச் தொடங்குகிறது, சீட் குறைவு, இன்றே பதிவு செய்யுங்கள். ஐ.பி.பி.எஸ். பி.ஓ. (பொதுத்துறை வங்கிகளின் அதிகாரி வேலைக்கான பொதுத் தேர்வு) எழுதிய எல்லோருக்கும் தெரிந்த கதைதான், நம்பரை எங்கிருந்து பிடிக்கிறார்களோ. நான் சேர்ந்தது சென்னையில் ஓரளவு பேர் வாங்கிய ஒரு பயிற்சி மையத்தில். பெயர் போடவில்லை. தோழிகள் வேறு வேறு மையங்களில் சேர்ந்துவிட்டுச் சொன்னதைக் கேட்டால் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட இதே சரக்குதான் ஓடுகிறது.

3,500 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னது: பேனல் முன்னால் மாக் இன்டர்வியூ (ஒத்திகை இன்டர்வியூ), அதன் வீடியோ, கேள்வி பதில் பி.டி.எஃப்., க்ரூமிங் வகுப்பு ஒன்று, வாட்ஸப் குரூப். இதில் முதல் இரண்டுக்கு மட்டும் காசு கொடுக்கலாம். பி.டி.எஃப். இலவசமாகவே கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் மார்க் கணக்கு, இது தெரியாமல்தான் பலபேர் பயந்துபோய்ப் பணத்தைக் கொட்டுகிறார்கள். இன்டர்வியூ 100 மார்க். தேற 40 சதவீதம் வேண்டும், ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 35. இறுதிப் பட்டியலில் மெயின்ஸுக்கு 80, இன்டர்வியூவுக்கு 20 என்றுதான் கணக்கு. அதாவது இன்டர்வியூவில் பக்கத்து ஆளைவிட 20 மார்க் கூட வாங்கினால் கடைசியில் உங்களுக்குக் கிடைப்பது 4. மெயின்ஸில் கோட்டை விட்டதை இங்கே வந்து பிடித்துவிட முடியாது, ஆனால் விளிம்பில் நிற்பவருக்கு அந்த 4 ரொம்பப் பெரியது. மையத்தில் அறிமுகக் கூட்டத்தில் பேசியவர் இந்த 80-20ஐப் பற்றி வாயே திறக்கவில்லை. திறந்தால் பேக்கேஜ் விற்குமா!

சரி, பேனலுக்கு வருவோம். மூன்று பேர். ஒருவர் மையத்தின் ஆசிரியர், ஒருவர் இப்போது பி.ஓ.வாக வேலை பார்ப்பவர், நடுவில் உட்கார்ந்திருந்தவர் பொதுத்துறை வங்கியில் சீஃப் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கொடுத்த காசு அந்த ஒரு மனிதருக்குத்தான். எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது, இங்கே தமிழில் எழுதுகிறேன். என் பயோடேட்டாவைப் பார்த்தார், கரூர் என்று இருந்தது.

"உங்க ஊர்ல பிறந்த பாங்க் எது?"

"கரூர் வைஸ்யா பாங்க் சார், 1916."

"இன்னொண்ணு இருந்ததே?"

"லட்சுமி விலாஸ் பாங்க் சார், 1926. 2020 நவம்பரில் டி.பி.எஸ். பாங்க் இந்தியாவோடு இணைத்துவிட்டார்கள்."

பெரும்பாலும் மாக்கில் இத்தோடு "வெரி குட்" சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். இவர் விடவில்லை. ஏன் விழுந்தது? சின்ன வியாபாரிகளுக்குக் கடன் கொடுத்து வளர்ந்த பாங்க் ஏன் பெரிய கம்பெனிகள் பக்கம் போனது? டெபாசிட் போட்டிருந்தவருக்கு என்ன ஆனது, ஷேர் வாங்கி வைத்திருந்தவருக்கு என்ன ஆனது? (டெபாசிட்டில் யாருக்கும் ஒரு ரூபாய் போகவில்லை, தடை இருந்த நாட்களில் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் திண்டாடினார்கள், அவ்வளவுதான். ஷேர்க்காரர்களுக்குச் சுத்தமாக ஒன்றும் இல்லை. எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இன்றைக்கும் அதைச் சொல்லிப் புலம்புவார்கள்.) அதைச் சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதான்மா வேணும். புத்தகத்துல இருக்கறது எல்லாருக்கும் தெரியும், உன் தெருவுல நடந்தது உனக்குத்தானே தெரியும்" என்றார்.

அதற்கப்புறம் இன்னொரு கேள்வி. என்.பி.ஏ. என்றால் என்ன என்று கேட்டார். வட்டியோ அசலோ 90 நாளுக்கு மேல் கட்டாமல் நிலுவையில் நின்றால் வாராக்கடன், இது எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வது. "விவசாயக் கடனுக்கும் 90 நாள்தானா?" இந்தக் கேள்வியில் என் பேட்ச்சில் வரிசையாக விழுந்தார்கள். குறுகிய காலப் பயிர் என்றால் இரண்டு பயிர்ப் பருவம், நீண்ட காலப் பயிர் என்றால் ஒரு பருவம். நெல் அறுத்துப் பணம் கைக்கு வருவதற்கு முன்னால் விவசாயியை 90 நாள் கணக்கில் மடக்க முடியாது என்பதுதான் விஷயம். காரணம் புரிந்தவருக்கு நம்பர் மறக்காது. இந்த மாதிரி ஆள் பேனலில் இருக்கிறாரா என்பதை மட்டும் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள், ஏனென்றால் அடுத்த பேட்ச்சுக்கு இவர் வரவில்லையாம், ஆசிரியர்களே மூன்று பேராக உட்கார்ந்துவிட்டார்களாம்.

வீடியோ நல்ல விஷயம். பார்க்கக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் பாருங்கள். பதில் தெரிந்த கேள்விக்கு நான் எவ்வளவு வேகமாகப் பேசுகிறேன், அவர்கள் கேள்வியை முடிப்பதற்குள்ளேயே தலையாட்டுகிறேன் என்பதெல்லாம் யார் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன். ஒரே குறை, சத்தம் சரியாகப் பதிவாகவில்லை, மேலே ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது.

இப்போது அந்த பி.டி.எஃப். கிட்டத்தட்ட 200 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் எழுதி வைத்த பதில். முதல் கோளாறு, பழசு. டெபாசிட் காப்பீடு 1 லட்சம் என்று போட்டிருக்கிறது, 2020 பிப்ரவரியிலேயே அது 5 லட்சம் ஆகிவிட்டது. சிறுதொழில்களுக்கு அரசுத் திட்டத்தில் கொடுக்கும் முத்ரா கடனின் உச்சவரம்பு 10 லட்சம் என்று இருக்கிறது, 2024 பட்ஜெட்டில் 20 லட்சமாக்கினார்கள், அதுவும் ஏற்கெனவே தருண் என்ற பழைய 10 லட்ச வரம்புப் பிரிவில் வாங்கி ஒழுங்காகத் திருப்பிக் கட்டியவர்களுக்கு. என்.இ.எஃப்.டி. (வங்கிகளுக்கு இடையே பணம் அனுப்பும் வசதி) காலை 8 முதல் மாலை 7 வரை என்று ஒரு இடத்தில், 2019 டிசம்பரிலிருந்து அது 24 மணி நேரமும் ஓடுகிறது! பாங்க் வேலைக்குப் போகிறவர் பேனலில் உட்கார்ந்து இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி) மாதிரி மாறுகிற நம்பர்களை எந்த பி.டி.எஃப்.பிலும் படிக்காதீர்கள். ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் முகப்பிலேயே இருக்கிறது, இன்டர்வியூவுக்கு முந்தின நாள் ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது கோளாறு இன்னும் மோசம். இன்ஜினியரிங் படித்துவிட்டு ஏன் பாங்க் என்ற கேள்விக்கு அதில் ஒரு பதில் இருக்கிறது: வங்கித்துறை வேகமாக வளரும் துறை, மக்களுக்குச் சேவை செய்யும் வாய்ப்பு, என் பகுப்பாய்வுத் திறன் உதவும். அன்றைக்கு எனக்கு முன்னால் போன நாலைந்து பேரும் இதையேதான் ஒப்பித்தார்கள், கமா கூட மாறவில்லை. வெளியே உட்கார்ந்திருந்த எனக்கே அலுப்புத் தட்டியது, நிஜ பேனல் காலையிலிருந்து இதை எத்தனை பேரிடம் கேட்டிருக்கும்.

நான் மெக்கானிக்கல். சீஃப் மேனேஜர் எனக்குச் சொல்லிக் கொடுத்த வழி இது. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகள் இருக்கின்றன. பட்டறைக்காரர் ஒருவர் புது மெஷின் வாங்க கொட்டேஷனோடு கடன் கேட்டு வருகிறார். அந்த மெஷின் அந்த விலைக்குத் தகுமா, அவருடைய வேலைக்கு அவ்வளவு பெரிய மெஷின் தேவையா, பழையதை விற்றால் என்ன வரும், இதையெல்லாம் பி.காம். படித்தவரைவிட நீ சீக்கிரம் புரிந்துகொள்வாய், அதைச் சொல்லு என்றார். டெக்ஸ்டைல் படித்தவருக்கு இதே மாதிரி தறி, அக்ரி படித்தவருக்குச் சொட்டு நீர்ப்பாசனம். உங்கள் படிப்பையும் உங்கள் ஊரின் தொழிலையும் எங்கேயாவது ஒரு கடன் விண்ணப்பத்தில் சந்திக்க வைத்துவிட்டால் அந்தப் பதிலை வேறு யாரும் சொல்ல முடியாது.

விண்ணப்பத்தில் வங்கிகளை எந்த வரிசையில் போட்டோம் என்பதும் இப்படித்தான். இந்தியன் பாங்க்கை முதலில் போட்டிருந்தால் ஏன் என்று கேட்பார்கள். "சென்னையில் தலைமையகம் இருக்கிறது, வீட்டுக்குப் பக்கம்" என்று சொல்லிவிட்டு, வெளிமாநிலத்தில் போஸ்டிங் போட்டால் போவாயா என்றால் திருதிரு என்று விழித்தவர்கள் உண்டு. 1906ல் அர்பத்நாட் கம்பெனி என்ற வெள்ளைக்காரர்களின் வங்கி திவாலாகி மெட்ராஸே ஆடிப்போன பிறகு 1907ல் வந்த வங்கி அது. ஐ.ஓ.பி. (இந்தியன் ஓவர்சீஸ் பாங்க்) 1937. இந்த மாதிரி நாலு வரியாவது நாம் கேட்ட வங்கியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டாமா? பி.டி.எஃப்.பில் இது எதுவும் இல்லை.

தெரியாத கேள்வி வந்தால் "தெரியாது சார்" என்று சொல்ல ஒரு பையனால் கடைசி வரை முடியவில்லை. பேசல் விதிமுறை (வங்கிகள் எவ்வளவு மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்ற சர்வதேச விதிகள்) என்று கேட்டதற்கு சுவிட்சர்லாந்து, உலக வங்கி, தங்கம் என்று சுற்றிக்கொண்டே போனான், ஒவ்வொரு வார்த்தையிலிருந்தும் புதுசாக ஒரு கேள்வி முளைத்தது. பேனல் இதை நிறுத்திச் சொல்லிக் கொடுத்தது நன்றாக இருந்தது. தெரியாததைத் தெரியாது என்று ஒரு தடவை தெளிவாகச் சொன்னால் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள்.

க்ரூமிங் வகுப்பு வெறும் நேர விரயம். ஷூ பாலிஷ், நகம் வெட்டு, கை குலுக்கும் முறை. யாரும் கை குலுக்கப் போவதில்லை, வணக்கம் சொல்லிவிட்டு உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தால் முடிந்தது. பெண்கள் புடவைதான் கட்ட வேண்டும் என்று அடித்துச் சொன்னார் வகுப்பெடுத்தவர். பழக்கமில்லாதவர்கள் கட்டிக்கொண்டு இன்டர்வியூ முழுக்க மடிப்பைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு நல்ல காட்டன் சுடிதார் எவ்வளவோ மேல்.

அந்த நேரத்தில் சர்டிபிகேட் பற்றிச் சொல்லியிருக்கலாம். அதைப் பற்றி மொத்த பேக்கேஜிலும் ஒரு வார்த்தை இல்லை, எனக்கு இதில்தான் கோபம். நம்மிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் இங்கே செல்லாது. மத்திய அரசு படிவத்தில், 'நான்-கிரீமி லேயர்' (வசதி படைத்த பிரிவில் வராதவர்) என்ற வாசகத்தோடு ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், அறிவிப்பில் சொன்ன தேதிக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும், உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இ-சேவை மையத்தில் போட்டால் தாலுகா ஆபீஸ் வழியாக வரும், உடனே வந்துவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். அப்புறம் இனிஷியல். மார்க் ஷீட்டில் கே. என்று முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், பான் கார்டில் இன்னொரு மாதிரி. நமக்கு இது சாதாரணம், வடக்கேயிருந்து வந்த அதிகாரி சரிபார்க்கும்போது அவருக்கு இது இரண்டு வேறு ஆட்கள். கால் லெட்டரில் இருக்கிற பெயரும் அடையாள அட்டையில் இருக்கிற பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று ரிசல்ட் வந்த அன்றே பார்த்துவிடுங்கள்.

வாட்ஸப் குரூப்பை மியூட்டில் போட்டுவிட்டேன். "இன்றைக்கு கோயம்புத்தூரில் என்ன கேட்டார்கள்" என்று ராத்திரி பன்னிரண்டு மணி வரை வதந்தி ஓடும். மறுநாள் காலை இன்டர்வியூ இருப்பவருக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும், வேறு பிரயோஜனம் இல்லை.

5க்கு 3 கொடுக்கிறேன், அதில் இரண்டரை சீஃப் மேனேஜருக்கு. பேனல் மாக் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று ரிசப்ஷனில் கேட்டால் இல்லை என்பார்கள். உள்ளே ஒருங்கிணைப்பாளரைப் பார்த்துக் கேளுங்கள், என் தோழிக்கு வீடியோவோடு சேர்த்து 1,200க்குக் கொடுத்தார்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் பேனலில் யார், எந்தத் தேதி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், கட்டிய பணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள் என்று ரசீதின் பின்பக்கம் சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள்.