கண்ணாடி மாதிரி பளபளத்த உளிகள்: சாணைக் கடையில் நான் ஏமாந்தது

போன ஆயுத பூஜைக்கு நாலு நாள் முன்னால் நடந்த விஷயம். மரவேலை எனக்குத் தொழில் இல்லை. வாரமெல்லாம் அலுவலகம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மொட்டைமாடியில் தேக்குத் துண்டுகளோடு மல்லுக்கட்டு. கையில் இருக்கும் உளிகளில் நான்கு என் பெரியப்பாவுடையவை. அவர் தச்சுவேலை செய்தவர். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஊர்ப் பெயர் முத்திரை குத்திய பழைய உளிகள், பிடியை மட்டும் அவர் இரண்டு தடவை மாற்றியிருக்கிறார். கூடவே அவருடைய இழைப்புளி பிளேடு ஒன்று, இரண்டு அங்குல அகலம்.

தீட்டத் தெரியாதவன் இல்லை நான். சோம்பல்தான். பூஜையில் வைக்கும்போது ஆயுதம் கூராக இருக்க வேண்டும் என்று வீட்டில் சொன்னார்கள். சரி என்று ஐந்தையும் துணியில் சுற்றிக்கொண்டு மார்க்கெட் பக்கத்துச் சந்தில் இருக்கும் சாணைக் கடைக்குப் போனேன். ஒன்றுக்கு 60 ரூபாய், ஐந்துக்கு 300. கடை முழுக்க அரிவாள்மனை, கத்தரிக்கோல், பரோட்டாக் கடைக் கத்தி. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் கொடுத்தார். ஐந்தும் முகம் பார்க்கலாம் போல மின்னின. சந்தோஷமாகக் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். சந்தனம், குங்குமம் வைத்து, பொரி கடலை எல்லாம் சாப்பிட்டு, அந்த வாரம் முழுக்க உளியைத் தொடவே இல்லை.

அடுத்த ஞாயிறு ஒரு ஸ்டூலுக்குத் துளை போட உட்கார்ந்தேன். முக்கால் அங்குல உளி. கொட்டாப்புளியால் ஏழெட்டு அடி அடித்திருப்பேன், உளி மரத்தை வெட்டாமல் நசுக்க ஆரம்பித்தது. எடுத்துப் பார்த்தால் வாய் ஓரம் முழுக்க மடிந்து கிடக்கிறது. மரத்தில் கணு இருக்கும் என்று நினைத்து எண்ணெய்க் கல்லில் தீட்டிக்கொண்டு வந்தேன். நாலு அடி, மறுபடி மடிப்பு. தேக்கை விட்டு பேக்கிங் பெட்டியில் வந்த பைன் துண்டில் முயன்றேன், அதிலும் அதே கதை. ஒரு ஞாயிறு முழுக்க என் கைப்பழக்கத்தைத்தான் சந்தேகப்பட்டேன்.

எங்கள் வீட்டுக் கதவு நிலைகளைச் செய்து கொடுத்த தச்சர் ஒருவர் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். உளியைத் திருப்பிப் பார்த்தார், ஒரு பழைய அரத்தை எடுத்து வாய் ஓரத்தில் லேசாக இழுத்தார். அரம் கரகரவென்று கடித்தது. அதே அரத்தை ஒரு அங்குலம் மேலே வைத்து இழுத்தார், வழுக்கிக்கொண்டு போனது.

"வெந்து போச்சு தம்பி. சாணைக்கா குடுத்தீங்க?"

"ஆமாண்ணே, பூஜைக்குன்னு குடுத்தேன்."

"நல்லா பாருங்க, மூலையில நீலம் மிச்சம் இருக்கு. மத்த இடத்துல பாலீஷ் போட்டு அழிச்சிட்டான்."

உளியின் எஃகு, சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்து, அப்புறம் அளவாகச் சூடு காட்டிப் பதம் ஏற்றியது. அந்தப் பதம், அதாவது கெட்டித்தன்மை, வேகமான மோட்டார் சாணையில் நொடியில் இறங்கிவிடும். சிவக்கச் சூடாக வேண்டும் என்பதில்லை. கிட்டத்தட்ட 230 டிகிரி செல்சியஸில் எஃகு வைக்கோல் மஞ்சளாக நிறம் மாறும், 300 டிகிரியை நெருங்கும்போது நீலம் பாயும். நீலம் வந்துவிட்டால் அந்த இடம் உளிக்கு ஆகாது, மென்மையாகிவிட்டது என்று அர்த்தம். அரம் கடித்தது அதனால்தான். வாய் ஓரம்தான் இருப்பதிலேயே மெல்லிசு, அதனால் சூடும் அங்கேதான் முதலில் ஏறும். நாலு விநாடிக்கு ஒரு தடவை தண்ணீரில் முக்கினால் இது நடக்காது. நிறத்தைத் தேய்த்து எடுத்துவிடலாம், போன பதம் திரும்பாது. மென்மையான பகுதி முழுவதையும் தேய்த்துத் தள்ள வேண்டும், அல்லது மறுபடி காய்ச்சிப் பதம் ஏற்ற வேண்டும்.

இழைப்புளி பிளேடுக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. உளிக்கும் இழைப்புளிக்கும் ஒரு பக்கம்தான் சரிவு, மறுபக்கம் பலகை மாதிரி தட்டையாக இருக்க வேண்டும். சாணைக் கடைக்காரர் அரிவாள் தீட்டுவது போல இரண்டு பக்கமும் சரிவு போட்டுவிட்டார். பின்பக்கத்தில் மூன்று மில்லிமீட்டர் அளவுக்குச் சரிந்து இறங்குகிறது. பிளேடின் மேல் உட்காரும் மூடித் தகடு இப்போது ஒட்டி உட்கார மாட்டேன் என்கிறது, இடுக்கில் சுருள் சிக்கி நாலு இழுப்புக்கு ஒரு தடவை கழற்ற வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு அது பழைய காலத்து ஒட்டுப் பிளேடு. மெல்லிய எஃகுத் தகட்டைச் சாதா இரும்போடு காய்ச்சி ஒட்டியிருப்பார்கள். அந்த எஃகு இருப்பது தட்டையான பக்கத்தில்தான், அவர் தேய்த்ததும் அதே பக்கத்தில்தான்.

கடைக்குப் போய்க் கேட்டேன். "பழைய இரும்பு சார், அப்படித்தான் இருக்கும்" என்றார். நீலம் பாய்ந்த மூலையைக் காட்டினேன். "அது துரு." பணம் திரும்பவில்லை, நானும் 300 ரூபாய்க்காகப் போகவில்லை. அவருக்கு உளி தெரியாது என்பதில் எனக்குக் கோபம் இல்லை. அரிவாள்மனைக்கு அவர் கை நல்ல கைதான், எங்கள் வீட்டு அரிவாள்மனையே சாட்சி. ஆனால் நீலத்தைப் பார்த்துவிட்டு, பாலீஷ் போட்டு மறைத்து, சிரித்துக்கொண்டே கொடுத்தாரே, அது தெரியாமல் செய்தது இல்லை.

இனி வீட்டிலேயே தீட்டுவது என்று முடிவெடுத்து இணையத்தில் ஒரு வைரத் தகடு (வைரத் துகள் பதித்த தீட்டும் தகடு) வாங்கினேன். ஒரு பக்கம் 400 நம்பர், மறுபக்கம் 1000 நம்பர் என்று விளம்பரம்; நம்பர் ஏற ஏற சொரசொரப்பு குறைய வேண்டும். வந்ததும் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்திப் பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரிகிறது, தகடு வளைந்திருக்கிறது. வளைந்த தகட்டில் தட்டையான பின்பக்கம் எப்படி வரும்? விரலால் தடவினால் இரண்டு பக்கமும் ஒரே சொரசொரப்பு வேறு. உபயோகித்த பொருள் என்று சொல்லித் திருப்பி எடுக்க மறுத்தார்கள். நல்லவேளையாகப் பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்திருந்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன், இரண்டு வாரத்தில் பணம் வந்தது. அதுவும் சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணமே கிடையாது. சாணைக் கடைக்காரரிடம் நான் பில் வாங்கவில்லை, கொடுக்கும் முன் ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. அதனால் அங்கே என் வாய் அடைத்துப்போனது.

இப்போது என்னிடம் இருப்பது கண்ணாடிக் கடையில் மிச்சம் விழுந்த 10 மில்லிமீட்டர் கண்ணாடித் துண்டும், பெயிண்ட் கடை வாட்டர் பேப்பரும் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்)தான். 180, 400, 1000, 2000 என்று நான்கு நம்பர். தண்ணீர் தெளித்தால் தாள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். முதலில் பின்பக்கத்தை, வாய் ஓரத்தில் ஓர் அங்குலம் வரை, ஒரே சீரான மினுக்கம் வரும்வரை தேய்க்க வேண்டும். இது அலுப்பான வேலை, ஆனால் ஓர் உளிக்கு ஒரு தடவை செய்தால் போதும். அப்புறம் சரிவு. கோணம் பார்க்கக் கருவி இல்லாவிட்டால் இந்தக் கணக்கு உதவும்: சரிவின் நீளம் பிளேடின் கனத்தைப் போல இரண்டு மடங்கு என்றால் 30 டிகிரி, இரண்டேகால் மடங்குக்குச் சற்று மேல் என்றால் 25. சரிவில் மார்க்கர் மை பூசிக்கொண்டு தேய்த்தால் எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்று தெரிந்துவிடும். பின்பக்கத்தில் விரலுக்குப் பிசிறு தட்டுப்படும்வரை ஒரு நம்பரில் நிற்க வேண்டும், அதற்குமுன் அடுத்த தாளுக்குத் தாவினால் நேரம்தான் வீண். கடைசியில் பழைய பெல்ட் தோலில் பத்து இழுப்பு. பைன் துண்டின் குறுக்காக வெட்டிய முனையைச் சீவினால் பொடியாக உதிராமல் வழவழவென்று வர வேண்டும்.

கையால் தேய்த்தால் பதம் இறங்கும் அளவுக்கு எஃகு சுடாது. நேரம்தான் ஆகும். நான்கு உளிகளையும் மீட்டுவிட்டேன். முக்கால் அங்குலம் மட்டும் ஆறு மில்லிமீட்டர் குட்டையாகிவிட்டது, அரம் வழுக்கும் இடம் வரும்வரை தேய்க்க மூன்று ஞாயிறு பிடித்தது. மறுபடி காய்ச்சிப் பதம் ஏற்றலாம் என்று தச்சர் அண்ணன் சொன்னார், பெரியப்பாவின் உளியில் பரீட்சை பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இழைப்புளி பிளேடு இன்னும் முடியவில்லை. பின்பக்கச் சரிவு தீர இன்னும் ஒன்றரை மில்லிமீட்டர் போக வேண்டும், ஒரு ஞாயிறுக்கு அரை மில்லிமீட்டர்தான் நகர்கிறது. அதற்குள் எத்தனை 180 நம்பர் தாள் தீரும் என்று பெயிண்ட் கடைக்காரருக்குத்தான் தெரியும்.