மேமோகிராம் மையம்: படம் எடுப்பதில் நிறைவு, அறிக்கை தருவதில் குறை

எங்கள் பகுதி ஸ்கேன் மையமொன்றில் மேமோகிராம் (மார்பகப் புற்றுநோயைக் கண்டறிய எடுக்கும் எக்ஸ்ரே) எடுத்துக்கொண்ட அனுபவத்தை, நாற்பது வயதைக் கடந்தும் தயங்கிக்கொண்டிருக்கும் பெண்களுக்காக எழுதுகிறேன். முன்பதிவின்போதே, மார்பில் வலி குறைவாக இருக்கும் என்பதால் மாதவிடாய் முடிந்த அடுத்த வாரத்தில் வரும்படியும், பவுடரின் துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் படிவுகளைப் போலத் தோன்றக்கூடும் என்பதால் அக்குளில் எதையும் பூசாமல் வரும்படியும் சொன்னார்கள். படம் எடுத்த பெண் பணியாளர் பொறுமையானவர். ஒவ்வொரு மார்பையும் இரு தட்டுகளுக்கு நடுவே அழுத்தி, மேலிருந்து ஒன்றும் சாய்வாக ஒன்றுமாக மொத்தம் 4 படங்கள் எடுத்தார். அழுத்தம் சில நொடிகளே நீடித்தது. வலித்தது உண்மைதான், ஆனால் அக்கம்பக்கத்தார் பயமுறுத்திய அளவுக்கு இல்லை.

குறையெல்லாம் அறிக்கை தந்த விதத்தில்தான். மார்பகப் படங்களின் முடிவை எண்ணால் குறிக்கும் முறைப்படி ‘பை-ராட்ஸ் 0’ என்று அச்சிட்ட தாளை வரவேற்பாளர் உறையிலிட்டு நீட்டினாரே தவிர, அது புற்றுநோய் உண்டென்றோ இல்லையென்றோ கூறும் முடிவல்ல, கூடுதல் படம் தேவை என்பதைத்தான் குறிக்கிறது என்று விளக்க அங்கு எவரும் இல்லை. மார்பகத் திசு அடர்த்தியாக இருந்ததால் பின்னர் எடுத்த அல்ட்ராசவுண்டில் வெறும் நீர்க்கட்டி எனத் தெளிவாயிற்று. அதற்குத் தனிக் கட்டணம் உண்டென்பதையும் முன்பே சொல்லியிருக்கலாம். பெண் பணியாளர்களுக்காகவும் தனி உடைமாற்றும் அறைக்காகவும் இம்மையத்தைப் பரிந்துரைப்பேன். அறிக்கையை மட்டும் உங்கள் மருத்துவரிடமே காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.