23 கிட், ஆறு வருஷம், ஒரு மொசைக் தரை

ஆறு வருஷத்தில் 23 பிளாஸ்டிக் மாடல் கிட் (துண்டுகளைச் சேர்த்துச் செய்யும் குட்டி விமானம், வண்டி மாதிரி) முடித்திருக்கிறேன். போட்டிக்கு அனுப்பும் தரத்தில் ஒன்றுகூட இல்லை. நான்கு விமானங்களுக்குச் சக்கரம் கோணல். டமியா கம்பெனியின் 1/35 அளவு ஜீப்புக்கு ஸ்டீயரிங்கே கிடையாது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுத் தரை பழைய மொசைக். அந்தக் கறுப்பு, சாம்பல், பழுப்புச் சில்லுகளுக்கு நடுவே சட்டைப் பித்தான் அளவில் ஒன்று விழுந்தால் போனது போனதுதான். ஸ்டீயரிங் இன்னும் இந்த வீட்டுக்குள்தான் எங்கேயோ இருக்கிறது.

முதல் கிட் 2019-ல் வாங்கிய ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் ஸ்பிட்ஃபயர் போர் விமானம், 1/72 அளவு. அந்த அளவில் ஆறடி ஆள் ஒரு அங்குலம் ஆகிவிடுவார். பசை, பிரஷ், குட்டி வண்ண டப்பாக்கள் எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருந்தன. பசை போதவில்லை என்று பைலட்டுக்கு மேலே வரும் கண்ணாடி மூடியைச் சூப்பர் குளூ வைத்து ஒட்டினேன். அந்தப் பசையின் ஆவி தெளிவான பிளாஸ்டிக்கில் வெள்ளையாகப் படியும் என்று அப்போது தெரியாது. மறுநாள் காலை மாமனார் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “பைலட்டுக்குக் கண்புரையாம்மா?” என்றார்.

மாமனார் பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைக் கொடுத்தாலும் டியூப்லைட்டுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். “இடது ரெக்கை அரை மில்லி தூக்கியிருக்கும்மா.” அவர் சொல்வது ஒவ்வொரு தடவையும் சரியாக இருக்கும். தொல்லையே அதுதான். போதாததற்கு வீடியோக்கள் வேறு பார்க்க ஆரம்பித்தேன். இணைப்புக் கோடு தெரியக் கூடாது, பட்டி வை, உப்புத்தாள் போடு, மறுபடி பட்டி வை. ஒரு விமானம் ஐந்து மாதம் மேஜையிலேயே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தாலே அலுப்பாக இருக்கும்.

அந்தக் காலத்தில்தான் பெயிண்டைக் காற்றால் தெளிக்கும் ஏர்பிரஷும் அதற்குக் கம்ப்ரஸரும் வாங்கினேன். பத்து நிமிஷம் அடிக்கலாம், அப்புறம் முக்கால் மணி நேரம் கழுவலாம். நான்கு தடவை பயன்படுத்தினேன். இப்போது பரணில் இருக்கிறது. வேலை செய்யாமல் இல்லை, அருமையான கருவிதான், எனக்குத்தான் ஒத்துவரவில்லை.

என்னை மாற்றியது பண்டாய் கம்பெனியின் கண்டம் ரோபோ, 1/144 அளவு, புதியவர்களுக்கான ‘எண்ட்ரி கிரேடு’ வகை. துண்டுகள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து அவற்றைக் கையாலேயே பிய்த்து எடுக்கலாம். பசை வேண்டாம், பெயிண்ட் வேண்டாம், பிளாஸ்டிக்கே நிறம் நிறமாக வருகிறது. ஒரே சாயங்காலத்தில் எழுந்து நின்றது. மாமனாரும் கையைக் காலை ஆட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார். அதற்கப்புறம் எந்தக் கிட்டும் மூன்று ஞாயிற்றுக்குமேல் மேஜையில் இருக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். விமானத்தின் அடிவயிற்று இணைப்புக் கோட்டுக்குப் பட்டி கிடையாது. மூடிய பிறகு கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் பெயிண்ட் கிடையாது.

இத்தனை வருஷத்தில் கொடுத்த காசுக்கு உழைத்தவை இரண்டு. ஒன்று, எலக்ட்ரிக்கல் கடையில் வாங்கிய சாதாரண சைடு கட்டர். நகவெட்டியால் வெட்டியதைவிட எவ்வளவோ மேல். ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் விட்டு வெட்டி, மிச்சத்தைத் தனியாகச் சீவினால் பிளாஸ்டிக் வெளுக்காது. இன்னொன்று, தண்ணீர்போல் இருக்கும் டமியா எக்ஸ்ட்ரா தின் சிமெண்ட். இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மூடியிலுள்ள பிரஷால் இடுக்கில் தொட்டால் போதும், கோடு நெடுக அதுவே ஓடிவிடும். பசை என்பதைவிட வெல்டிங் என்று சொல்லலாம். பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்குகிறது. ஜன்னலைத் திறந்துவைக்காமல் வேலை பார்த்தால் தலைவலி நிச்சயம். தீப்பற்றும் சாமான் என்பதால் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை விமானத்தில் எடுத்துவரச் சொல்லாதீர்கள். கண்ணாடித் துண்டுகளுக்கு மட்டும் வெள்ளை ஃபெவிகால். காய்ந்தால் தெளிவாகிவிடும்.

ஹார்ட்வேர் கடைத் தின்னர் பக்கம் போகவே வேண்டாம். வழிந்த பெயிண்டைத் துடைக்கப் போய் ஒரு இறக்கையின் மேல்பரப்பையே கூழாக்கினேன்.

கடலோர ஊரில் இருப்பதற்கு ஒரு தண்டனை உண்டு, காற்றின் ஈரம். ஐப்பசி மழையில் மொட்டைமாடிக் கொட்டகையில் ஸ்ப்ரே லாக்கர் பெயிண்ட் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நான் வெட்டுவது, ஒட்டுவது மட்டும்தான். பெயிண்ட் எல்லாம் தை பிறந்த பிறகு.

2024-ல் பிரான்ஸிலிருந்து நாத்தனார் வந்தபோது ஹெல்லர் கம்பெனியின் 1/24 சிட்ரோயன் 2சிவி கொண்டுவந்தார். 1948 முதல் 1990 வரை தயாரான, தகரக் குடைபோல இருக்கும் அந்தக் கார்தான். பிரிக்க மனசில்லாமல் அலமாரிக்கு அடியில் பத்திரப்படுத்தினேன். நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்தது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. வீட்டுக்குள் கணுக்கால் தண்ணீர். பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, கழுவி வைத்தால் சரி. மாடல் மேல் ஒட்டும் படங்கள் உள்ள டெக்கால் தாள்தான் ஊறி, ஸ்டிக்கர் எல்லாம் விளக்கத் தாளோடு ஒட்டிக்கொண்டது. நம்பர் பிளேட் உள்பட.

பழைய நானாக இருந்திருந்தால் மாற்று டெக்காலுக்கு ஆறு மாதம் அலைந்திருப்பேன். இந்தத் தடவை பொங்கல் கழிந்ததும் பிரஷை எடுத்தேன். காருக்கு எங்கள் ஊரின் பழைய பிரெஞ்சுப் பகுதியான வெள்ளைக்காரத் தெருச் சுவர்களின் மஞ்சள். மஞ்சள் லேசில் பிடிக்காது. அடியில் வெள்ளை, மேலே நான்கு கை பூச வேண்டியிருந்தது. வலது கதவில் பிரஷ் கோடு அப்படியே தெரிகிறது.

நம்பர் பிளேட் இல்லாமல் இருப்பதைப் பார்த்த மாமனார், ஒன்றும் கேட்காமல் அட்டையில் இரண்டு துண்டு நறுக்கினார். மெல்லிய பேனாவால் புதுச்சேரி வண்டிகளின் ‘பி.ஒய். 01’ என்று ஆரம்பித்து ஒரு எண் எழுதி, அவரே ஒட்டினார். டியூப்லைட்டுக்கு நேரே நான் தூக்கிப் பார்த்தேன்.

“மாமா, பின்னாடி பிளேட் ஒரு பக்கம் இறங்கியிருக்கே.”

“நம்ம ஊர்ல எந்த வண்டிக்கும்மா நேரா இருக்கு?”