ஃபோர் ஸ்ட்ரோக் குளோ இன்ஜின்: பல வருஷம் ஓட்டிய பிறகு

ஓ.எஸ். எஃப்எஸ்-70 சர்பாஸ் என்ற குளோ இன்ஜின் (மெத்தனாலில் ஓடும், சூடான பிளக் கம்பியால் எரியூட்டும் சின்ன இன்ஜின்) ஒன்றை, இறக்கை மேலே இருக்கும் ஒரு ஆர்.சி. (ரிமோட்டில் இயக்கும்) மாடல் விமானத்தில் பல வருஷமாக ஓட்டிவருகிறேன். வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் முதலில் சொல்வது இதுதான்: இதைப் பறக்கவிடுவது சுலபம், பறந்து முடித்தபின் கவனிப்பதுதான் வேலை. அதற்குப் பொறுமை இல்லையென்றால் மின்மோட்டாரும் லிப்போ பேட்டரியுமே நல்லது. கிண்டலாகச் சொல்லவில்லை.

ஒசாகாவின் ஓ.எஸ். நிறுவனம் 1976-இல் எஃப்எஸ்-60 இன்ஜினை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் மாடல் விமானங்களில் ஃபோர் ஸ்ட்ரோக் பரவியது. என்னுடையது 11.5 சிசி. டூ ஸ்ட்ரோக் மாதிரி கத்தாது. 12x6, 13x6 (அங்குலத்தில் விட்டமும், ஒரு சுற்றில் முன்னேறும் தூரமும்) போன்ற பெரிய புரொப்பெல்லரை நிதானமாகச் சுற்றும். த்ராட்டிலைக் கொஞ்சம் தள்ளினால் கொஞ்சம், அதிகம் தள்ளினால் அதிகம் என்று சக்தி சீராக வரும். இன்ஜினை ஐடிலில் (மிகக் குறைந்த வேகத்தில்) விட்டு விமானத்தை இறக்கும்போது பெரிய புரொப்பெல்லரே பிரேக் போல வேகத்தைப் பிடித்து வைக்கும். சின்ன மைதானத்தில் இது எவ்வளவு உதவி என்று இறக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதே டேங்கில் டூ ஸ்ட்ரோக்கைவிடக் கூடுதல் நேரமும் பறக்கலாம்.

எரிபொருள் தனிக் கதை. மெத்தனால், அதில் 10 முதல் 15 சதவீதம் நைட்ரோமீத்தேன், 18 முதல் 20 சதவீதம் ஆயில். தமிழ்நாட்டில் மெத்தனால் வைத்திருக்க உரிமம் வேண்டும். 2024-இல் கள்ளக்குறிச்சியில் அத்தனை உயிரைக் குடித்த சரக்கு இதுதான் என்பதால் அந்தக் கெடுபிடியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சட்டப்படி எங்கே கிடைக்கும் என்று பார்த்துவிட்டு இன்ஜினை வாங்குங்கள்.

பிளக் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரிப்பு நடக்கிறது. நடுவில் பிளக் கம்பி சூடு ஆறக்கூடாது. ஃபோர் ஸ்ட்ரோக்குக்கென்றே வரும் எஃப் வகை பிளக்தான் சரி.

நீடிலை (கார்புரேட்டரில் எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு) உச்ச வேகத்துக்கே திருகி வைக்காதீர்கள். உச்சத்திலிருந்து 200, 300 ஆர்பிஎம் குறையும் அளவுக்குத் திறந்து விட்டு, விமானத்தின் மூக்கை மேலே தூக்கிப் பிடித்தும் இன்ஜின் தடுமாறாமல் ஓடுகிறதா என்று ஒருமுறை பாருங்கள். கலவையில் எரிபொருள் குறைந்தால் இன்ஜின் உள்ளே அடிக்கும். அந்த உதறலில் நட்டு தளர்ந்து புரொப்பெல்லரே முன்னால் பறந்துவிடும். இரட்டை நட்டு போடுவது அதனால்தான். ஸ்டார்ட் செய்தபின் புரொப்பெல்லருக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. இன்னொன்று, ஸ்டார்ட்டரை வைக்கும் முன் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். சிலிண்டரில் எரிபொருள் தேங்கியிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

வால்வ் இடைவெளி 0.04 முதல் 0.10 மில்லிமீட்டர், இன்ஜின் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். புதிதில் ஒருமுறை சரிசெய்தால் அப்புறம் அடிக்கடி தொடவேண்டி வராது.

இப்போது, முதலில் சொன்ன, பறந்து முடித்தபின் செய்யும் கவனிப்பு. நைட்ரோ எரிந்த மிச்சத்தில் அமிலத்தன்மை உண்டு. மெத்தனாலோ காற்றின் ஈரத்தை இழுக்கும். இரண்டும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கிராங்க்கேஸுக்குள் இறங்கிப் பின்பக்க பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். யார் செய்த இன்ஜினானாலும் இதில் மாற்றமில்லை. கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம் நடக்கும். அதனால் அன்றைய கடைசிப் பறத்தல் முடிந்து இறங்கியதும், இன்ஜின் ஓடும்போதே எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டு, உள்ளே இருப்பது எரிந்து தானாக நிற்கும்வரை ஓடவிடுகிறேன். பிறகு பிரீதர் துளை (கிராங்க்கேஸின் காற்றுப்போக்கி) வழியாக ஆஃப்டர் ரன் ஆயில் (ஓட்டிய பின் துருப்பிடிக்காமல் விடும் எண்ணெய்) விட்டு, கையால் நன்றாகச் சுற்றிவிடுகிறேன். கார்புரேட்டரில் மட்டும் ஆயில் விட்டால் போதாது, பேரிங்குக்கு அது போய்ச் சேராது.

பேரிங் போனாலும் பயப்பட வேண்டாம். கிராங்க்கேஸை அடுப்பில் சூடாக்கினால் பழையது கழன்றுவரும். அளவு எண்ணைச் சொன்னால் புதியது பேரிங் கடையிலேயே கிடைக்கும். திரும்பப் பூட்டும்போது கேம் கியரிலுள்ள (வால்வை இயக்கும் பல்சக்கரம்) டைமிங் புள்ளியை மட்டும் கவனியுங்கள். ஒரு பல் தள்ளிப் பூட்டினாலும் டைமிங் கெட்டு இன்ஜின் ஒழுங்காக ஓடாது.

பழையது வாங்குவதானால் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். நறநறவென்று இருந்தாலோ, பிரீதரிலிருந்து பழுப்பு நிறத்தில் ஆயில் வந்தாலோ, பேரிங் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.